இருநூற்று அறுபத்து மூன்றாவது பெயர்

ஜனவரி 6, திங்கள்

இந்த டைரி சிவகாசி அச்சகம் ஒன்று இலவசமாகக் கொடுத்தது. பக்கத்துக்கு ஒரு ராகுகாலம், ஒரு சூலம், ஒரு பழமொழி. மிச்சமிருக்கும் இடத்தில் வாழ்க்கையை எழுதிக்கொள்ளலாம். முதல் பக்கத்தில் கேட்டிருந்தபடி நிரப்பினேன். பெயர் சண்முகவடிவு. வயது 51. தொழில் புள்ளியியல். இரத்த வகை தெரியவில்லை. எதற்கெல்லாம் கோபம் வரும் என்று கேட்கவில்லை, அதற்கு இடம் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும்.

அலுவலகம் சாத்தூரில், ஒரு சேவுக் கடைக்கு மேல் மாடி. பிறந்த குழந்தைகளுக்குக் காது கேட்கிறதா என்று பார்க்கும் திட்டம். பிறந்ததும் ஒரு சோதனை, மூன்று மாதம் கழித்து இரண்டாவது சோதனை. காதில் சின்ன முனையை வைத்தால் மெஷின் பச்சை காட்டும், அல்லது சிவப்பு. சிவப்பு என்றால் மதுரைக்கு அனுப்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள் கருவி மாட்டிவிட்டால் பேச்சு ஒழுங்காக வரும் என்பது டாக்டர் எடிசன் எல்லாக் கூட்டத்திலும் சொல்வது. அவர்தான் திட்டத்துக்குத் தலைவர்.

களப்பணியாளர்கள் போனில் பதிவு செய்வதை நான் கணினியில் எடுத்துப் பிரிக்கிறேன். ஆர் என்று ஒரு கணினி மொழி. நாற்பத்தெட்டாவது வயதில், முடியாது என்று என் தம்பி சொன்ன ஒரே காரணத்துக்காகக் கற்றுக்கொண்டேன். இதில் தகவல் பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். ஊர்ப் பெட்டிக்குள் குழந்தைப் பெட்டி, அதற்குள் சோதனைப் பெட்டி, அதற்குள் முடிவு. ஒற்றை அடைப்புக்குறி போட்டுக் கேட்டால் பெட்டியோடு எடுத்துக் கொடுக்கும். இரட்டை அடைப்பு போட்டால்தான் உள்ளே இருப்பது கைக்கு வரும். பொட்டலத்தைக் கேட்டவனுக்குப் பொட்டலம், சேவைக் கேட்டவனுக்குச் சேவு. இது புரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. தம்பியிடம் மூன்று நாள் என்று சொல்லியிருக்கிறேன்.

நானூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். பட்டியல் வியாழக்கிழமைக்குள் வேண்டுமாம். பொங்கலுக்குமுன் எல்லா வீட்டுக்கும் கடிதம் போய்விட வேண்டும்.

ஜனவரி 8, புதன்

எல்லாப் பெட்டியையும் திறந்து, அதற்குள் இரண்டாம் சோதனையைத் திறந்து, முடிவை மட்டும் எடுக்கும்படி ஒரு வரி எழுதினேன். ஒரே வரி. வந்ததையெல்லாம் அவிழ்த்து ஒரே வரிசையாக ஆக்கினேன். எண்ணினால் நானூற்றுப் பதினொன்று.

பெயர் வரிசையோடு சேர்த்து ஒட்டச் சொன்னேன். அங்கே 412 இருக்கிறது, இங்கே 411 இருக்கிறது, ஒட்டாது என்றது ஆர். அது கோபமாகச் சொல்வதில்லை. அதனால்தான் எரிச்சலாக இருக்கிறது.

டாக்டர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். "ஆச்சாம்மா?" என்றார். ஆயிற்று என்றேன். வரிசையின் கடைசியில் 'தெரியவில்லை' என்று ஒன்றைச் சேர்த்தேன். ஒட்டியது. கீழே போய்க் கால் கிலோ காரச் சேவு வாங்கிக்கொண்டு ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பினேன்.

இன்றைய பழமொழி: பதறாத காரியம் சிதறாது. நான் பதறவில்லை.

ஜனவரி 9, வியாழன்

பட்டியலைப் பார்த்த டாக்டர் நேராகக் கடைசி வரிக்குப் போனார். 412ஆம் குழந்தைக்கு இரண்டாம் சோதனை முடிவு இல்லை. ஆனால் பதிவேட்டில் 'வந்தது' என்று கையெழுத்து இருக்கிறது. கையெழுத்து செல்லக்கனியுடையது. 320 முதல் 412 வரை அவள் பகுதி.

செல்லக்கனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பத்து நான்கு வயது, ஸ்கூட்டி வைத்திருக்கிறாள், ஊரில் எல்லா வீட்டு அடுப்படி வரைக்கும் போகிறவள். சென்ற மாதக் கூட்டத்தில், நான் வரைந்த வரைபடத்தில் இரண்டு ஊர்கள் இடம் மாறியிருப்பதாக எல்லோர் முன்னாலும் சொன்னாள். மாறித்தான் இருந்தது. இதையெல்லாம் ஒருவர் மனதில் வைத்துக்கொள்வார்களா. நான் வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் 19, மதியம் மூன்றே கால்.

அவளை வரச் சொன்னார்கள். "அந்தப் பிள்ளை வந்துச்சு சார். நானே வச்சுப் பாத்தேன். பச்சை."

டாக்டர் என்னைப் பார்த்தார். "டேட்டாவுல இல்ல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

"வராத பிள்ளையை வந்ததா எழுதுனா, மத்த பிள்ளைங்களை எப்படிம்மா நம்புறது?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன். தாள் தீர்ந்திருந்தது.

ஜனவரி 10, வெள்ளி

கடிதங்கள் போயின. ஆறு குழந்தைகளுக்கு மதுரைக்கு வரவும். நானூற்று ஐந்து பேருக்குக் குறை ஏதுமில்லை. 412க்கு மீண்டும் வரவும். எல்லாவற்றிலும் டாக்டர் கையெழுத்து, வட்ட முத்திரை. மடித்து ஒட்டியது நான். நாக்கு இன்னும் பசையாக இருக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் அடுப்பின் வடக்குப் பக்கமாகப் பொங்கியது. நல்லதா கெட்டதா என்று டைரியில் போடவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

செல்லக்கனிக்குப் பொங்கலுக்கு முதல் நாளே மெமோ போய்விட்டது. விசாரணை முடியும்வரை களப்பணிக்குப் போக வேண்டாம். இன்று மெஷினையும் போனையும் ஒப்படைக்க வந்தாள். வாங்கி வைக்க வேறு யாரும் இல்லாததால் நான் வாங்கினேன்.

"மேடம், ராமுத்தாய் மகனை மதுரைக்கு வரச் சொல்லி லெட்டர் போயிருக்கு. அவனுக்குப் பச்சைதான் வந்துச்சு. சிவப்பு வந்தது அடுத்த வீட்டுக் காளீஸ்வரி மகளுக்கு. ரெண்டு காதும் சிவப்பு. அவங்களுக்குக் குறை ஒண்ணும் இல்லைன்னு போயிருக்கு."

"நீங்க போன்ல போட்டதுதான் வந்திருக்கு."

"சரியாத்தான் போட்டேன்."

"ஞாபகம் வேற, டேட்டா வேற, செல்லக்கனி."

அவள் சார்ஜர் வயரைச் சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, மேசைமேல் வைத்தாள். "நான் போயி அந்த வீட்டுல சொல்லிப் பாத்தேன். சீல் போட்ட லெட்டரைக் காட்டி என்னை வெளிய போகச் சொல்லிட்டாரு அந்தப் பிள்ளையோட அப்பா. வேலை போன கோவத்துல பேசுறேனாம். பிப்ரவரி பன்னெண்டோட அந்தப் பிள்ளைக்கு ஆறு மாசம் முடியுது மேடம். அதை மட்டும் எழுதி வச்சுக்கோங்க."

எழுதி வைத்திருக்கிறேன். பிப்ரவரி 12. இருபத்தாறு நாள். அவள் சொன்னதற்காக அல்ல, டைரியில் இடம் இருந்ததற்காக.

ஜனவரி 20, திங்கள்

ராமுத்தாய் மகன் மதுரை போய் வந்துவிட்டான். பட்டியலில் 337. இரண்டு காதும் நன்றாக இருக்கிறதாம். "சில நேரம் அப்படி வரும். நல்லதுதானே" என்றார் டாக்டர். நல்லதுதான்.

காளீஸ்வரி மகள் 338.

சேவு வாங்கவில்லை. எண்ணெய் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

கோப்பைத் திறந்து பார்க்க நேரமில்லை. வேறு வேலை இருந்தது.

ஜனவரி 22, புதன்

பிரிண்டரைத் துடைத்தேன். அதுதான் வேறு வேலை.

ஜனவரி 26, ஞாயிறு

என் வீட்டுக்காரர் முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் கல்யாண வீட்டுப் பந்தியில் தலை எண்ணுவார். இன்று சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வேறொரு அலுவலகத்தில் நடந்ததாகச் சொல்லி, பெயர் 412, முடிவு 411 என்றால் எங்கே தேடுவது என்று கேட்டேன்.

"பஸ்ஸுல நாப்பத்தோரு தலை, நாப்பது டிக்கெட்டு. நீ யாரைக் கேப்ப?"

"கடைசியா ஏறினவரை."

"புதுக் கண்டக்டர் பூரா அப்படித்தான். கடைசியா ஏறினவன் படியில நிப்பான், கைக்கு எட்டுவான். அவனைப் பிடிச்சு நாலு கேள்வி கேட்டா வேலை பாத்த மாதிரி இருக்கும். டிக்கெட் எடுக்காதவன் நடுவுல ஜன்னலோரமா கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பான்."

"அப்ப என்ன செய்யணும்?"

"முன்னாடி சீட்டுலேருந்து ஒவ்வொருத்தரா டிக்கெட்டைக் காட்டச் சொல்லணும். வேற வழி கிடையாது வடிவு." இரண்டு வெங்காயம் உரித்தபின், "எந்த ஆபீஸு?" என்றார்.

"உங்களுக்குத் தெரியாது."

"சாத்தூர்ல எனக்குத் தெரியாத ஆபீஸா" என்றார். மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பத்தொரு வருட அனுபவம், பயணிகள் முகத்தைப் பார்த்தே நிறுத்திக்கொள்ளத் தெரியும்.

கண் எரிந்தது. வெங்காயம் உரித்தது அவர்தான்.

ஜனவரி 27, திங்கள்

முன் சீட்டிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு குழந்தைக்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்தேன். 263இல் நின்றது.

அந்தக் குழந்தை இரண்டாம் சோதனைக்கு வரவில்லை. பெற்றோர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பகுதிப் பணியாளர் 'வரவில்லை' என்று பதிவேட்டில் அன்றைக்கே எழுதியிருக்கிறார். வராத குழந்தைக்குப் போன் காலிப் பெட்டி வைப்பதில்லை. இரண்டாம் சோதனை என்ற பெட்டியையே வைப்பதில்லை.

இல்லாத பெட்டியைக் கேட்டால் ஆர் சண்டைக்கு வராது. 'நல்' என்று சொல்லும். ஒன்றுமில்லை என்று அர்த்தம். 'தெரியவில்லை' என்பது வேறு. அது காலி சீட்டு, ஆள் இல்லாவிட்டாலும் இடம் இருக்கும். 'நல்' என்றால் சீட்டையே கழற்றியாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் ஒரே வரிசையாக அவிழ்த்தபோது அது சத்தமில்லாமல் மறைந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரு சீட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

264இன் முடிவு 263க்குப் போனது. 412இன் பச்சை 411க்குப் போனது. பின்னால் இருந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பச்சை, பச்சை நகர்ந்து பச்சையில் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. சிவப்பு ஒன்றே ஒன்றுதான். 338இன் சிவப்பு. அது 337க்குப் போனது.

செல்லக்கனி சொன்னது சரி. காளீஸ்வரி மகளுக்கு இரண்டு காதும் சிவப்பு. 412 வந்தது, பச்சை. அவள் பொய் எழுதவில்லை. திருப்பூர்க் குழந்தையின் பணியாளரும் பொய் எழுதவில்லை. கணினியும் பொய் சொல்லவில்லை, ஒட்டாது என்றுதான் சொன்னது.

கடைசியில் ஒரு வரியைச் சேர்த்தது நான்.

பதினாறு நாள் இருக்கிறது.

ஜனவரி 28, செவ்வாய்

டாக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு சொன்னேன்.

"கடைசியில ஒண்ணு சேத்தீங்களா?"

"சேத்தேன்."

"எதுக்கு?"

"எண்ணிக்கை சரியா வரணும்னு."

அவர் காலிக் கிளாஸை மேசையில் வைத்தார். நல்ல மனிதர். என்னைக் காப்பாற்ற நினைத்தார். "தொழில்நுட்பக் கோளாறால் தவறு நேர்ந்ததுன்னு மாத்துக் கடிதம் போட்டுருவோம்மா. யாரும் பெருசா கேக்க மாட்டாங்க."

எனக்கு அப்படியே தலையாட்டிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தது. ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. செல்லக்கனி வயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டதுதான் கண்ணுக்குள் வந்தது.

"கோளாறு ஒண்ணும் இல்ல சார். அது ஒட்டாதுன்னு சொல்லுச்சு. நான்தான் ஒட்டினேன்."

"அப்படி எழுதுனா உங்க வேலைக்கே ஆபத்தாகலாம்."

"மார்ச்சோட ஒப்பந்தம் முடியுது சார். புதுப்பிக்கிறதும் விடுறதும் உங்க இஷ்டம்."

மெமோவை ரத்து செய்து அவர் கையால் எழுதினார். தட்டச்சு செய்தது நான். பிழை இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

ஜனவரி 29, புதன்

காளீஸ்வரி வீட்டுக்குப் போன் செய்தேன். குழந்தையின் அப்பா எடுத்தார். "எல்லாம் சரியா இருக்குன்னு லெட்டர் வந்திருச்சு" என்று வைத்துவிட்டார். நான்கு தடவை. ஐந்தாவது தடவை எடுக்கவில்லை.

செல்லக்கனிக்குப் போன் செய்தேன். முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அந்தச் சொல் வாயிலிருந்து வர இவ்வளவு நேரமாகும் என்று நினைக்கவில்லை. மறுமுனையில் குக்கர் விசில் மூன்று அடித்தது.

"சரி மேடம்" என்றாள். "காலையில ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல நில்லுங்க. எட்டுக்கெல்லாம் அவரு பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போயிருவாரு."

ஜனவரி 30, வியாழன்

இன்று சூலம் தெற்கு. நாங்கள் போனதும் தெற்கு.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பதினாலு கிலோமீட்டர். செல்லக்கனி வழியில் பேசியது ஒரே வாக்கியம். "முந்தானையை இழுத்துப் பிடிங்க, சக்கரத்துல மாட்டிரும்."

ஒரு கட்டு வீடு. சுவரில் மூன்று கடவுள் காலண்டர்கள். நான்காவதாக எங்கள் கடிதம், லேமினேஷன் போட்டு ஆணியில் தொங்கியது. அப்பா பெயர் கருத்தபாண்டி. அச்சகத்தில் வேலை, அதனால் லேமினேஷன் அங்கேயே போட்டுக்கொண்டாராம். செல்லக்கனியைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் முந்திக்கொண்டு யார் என்று சொன்னேன். நாற்காலி போட்டார்.

குழந்தை பாயில் கிடந்தது. கையைக் காலை ஆட்டிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தது. கொழுகொழு என்று நன்றாக இருந்தது.

"பேர் என்ன?" என்றேன். பட்டியலில் பெயர் கிடையாது, 'பெண் குழந்தை, தாய் காளீஸ்வரி' என்றுதான் இருக்கும்.

"வீரலட்சுமி. தீபாவளிக்கு வாசல்ல பத்தாயிரம் வாலா போட்டாங்க மேடம். தெருவுல உள்ள பிள்ளைங்க பூரா அலறுது. இவ தூங்குறா. இமைகூட ஆடலை. பயங்கிறதே கிடையாது என் மகளுக்கு. அதைப் பாத்துத்தான் பேரே வச்சேன்."

செல்லக்கனி தரையைப் பார்த்தாள். காளீஸ்வரி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் புருஷனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நான் முதுகுப் பக்கமா நின்னு கூப்பிட்டா திரும்பாது" என்றாள். "சொன்னா இவரு லெட்டரைக் காட்டுவாரு. டாக்டரைவிட நீ பெரிய ஆளான்னு கேப்பாரு. நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"சும்மா இரு" என்றார் கருத்தபாண்டி. சத்தம் பாதியில் இறங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினார். "லெட்டர்ல குறை இல்லைன்னு போட்டிருக்கே."

"அது பக்கத்து வீட்டுப் பையனோட முடிவு. உங்க பிள்ளையோடது அவங்களுக்குப் போயிருச்சு."

"சீல் இருக்கே மேடம்."

"சீல் சரிதான். முடிவு மாறிப் போச்சு."

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

அவர் எழுந்தார். அடிப்பார் என்று ஒரு கணம் நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்றும் நினைத்தேன். அவர் ஆணியிலிருந்து கடிதத்தை எடுத்துக் கிழிக்கப் பார்த்தார். லேமினேஷன் கிழியவில்லை. மடக்கினார், அது திரும்ப நிமிர்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தடவை முயன்றார். பிறகு அப்படியே கையில் வைத்துக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"வீரலட்சுமி" என்று கூப்பிட்டார். அது காலாட்டிக்கொண்டிருந்தது. "ஏய், வீரலட்சுமி."

கடிதத்தைத் தரையில் வைத்துவிட்டு, "எப்பப் போகணும்?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, செல்லக்கனியிடம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மதுரை. இரண்டு காதும் உறுதியாகிவிட்டது. கருவி மாட்டினால் கேட்கும் என்றார்கள். காதுக்கு அச்சு எடுத்தார்கள். ஒரு வாரம் ஆகும்.

ஒரு வாரம் என்றால் 11. நான் விரல்விட்டு எண்ணினேன். இனிமேல் எல்லாவற்றையும் விரல்விட்டுத்தான் எண்ணப்போகிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

திருப்பூருக்குப் போன். 263இன் அம்மா பின்னலாடைக் கம்பெனியில் இருக்கிறார், மதிய இடைவேளையில்தான் பேச முடிந்தது. சோதனை செய்யாமலே குறை ஏதுமில்லை என்று எழுதியிருந்தோம் என்று விளக்கினேன். "சொந்த ஊரு விலாசத்துக்குப் போட்டா எங்களுக்கு எப்படிம்மா வரும்?" என்றார். கடிதம் கிடைக்கவே இல்லையாம். என் வேலையில் இவ்வருடம் நடந்த ஒரே நல்ல காரியம் அது. ஞாயிற்றுக்கிழமை அழைத்து வருகிறார்.

வரைபடத்தில் இரண்டு ஊர்களையும் இடம் மாற்றினேன். செல்லக்கனிக்கு அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். "எந்த ஆபீஸு?" என்றார்.

பிப்ரவரி 11, செவ்வாய்

காலை ஆறே கால் பேருந்து. கருத்தபாண்டி, காளீஸ்வரி, குழந்தை, செல்லக்கனி, நான். என்னை யாரும் அழைக்கவில்லை. நான் போனேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது நானே முதலில் நீட்டினேன்.

பதினொன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். கருவி முந்திரிப்பருப்பைவிடக் கொஞ்சம் பெரியது. இளஞ்சிவப்பு நிறத்தில் இரண்டு. மாட்டும்போது குழந்தை முகத்தைச் சுளித்தது. கருவியை மாட்டிய பெண் கணினியில் ஏதோ அழுத்தி, சத்தத்தை மெல்ல ஏற்றினார். காளீஸ்வரி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். குழந்தை கையாட்டுவதை நிறுத்தியது. அவ்வளவுதான். எங்கோ யாரோ இருப்பதுபோல் மேலே விட்டத்தைப் பார்த்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழகும், உடனே எதிர்பார்க்காதீர்கள் என்றார் அந்தப் பெண். நாங்கள் எதிர்பார்க்காதவர்கள்போல் தலையாட்டினோம்.

கருத்தபாண்டி குழந்தைக்குத் தண்ணீர் ஆற்றிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் டம்ளர் கை நழுவித் தரையில் விழுந்து, உருண்டு, சுவரில் முட்டியது.

குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையும் விரிந்தது. உதடு பிதுங்கியது. பிறகு மதுரை முழுக்கக் கேட்கும்படி அலறியது.

அவர் டம்ளரை எடுக்கவில்லை. "பயந்துட்டா" என்றார். எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்துச் சொன்னார். "என் மகள் பயந்துட்டா மேடம்." தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

செல்லக்கனி என் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று கவனிக்கவில்லை. குழந்தை வெகுநேரம் அழுதது. சமாதானப்படுத்த யாரும் அவசரப்படவில்லை.